ஊர் ஓடிய காரணம்

அந்த ஊர் அன்றைக்கு எதற்காக ஓடியது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆற்றங்கரை வீடுகளைக் காலி செய்யவைத்து நிலத்தை வளைக்கப் பார்த்த பெரிய கை ஒன்று என்பார் ஒருவர். செல்போன் கம்பெனிக்காரன் நம்மை வைத்துச் சோதனை செய்து பார்த்தான் என்பார் இன்னொருவர். அணையில் நிஜமாகவே விரிசல் விழுந்திருக்கிறது, பூசி மெழுகுகிறார்கள் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. உண்மையான காரணம் ஒரு நகவெட்டி. சிரிப்பு வருகிறதல்லவா? அது தெரிந்த இரண்டு பேருக்கு மட்டும் அந்த நாட்களில் சிரிப்பே வரவில்லை.

ஒருவர் பஸ் நிலையத்துக்கு எதிரே சலூன் வைத்திருப்பவர். இன்னொருவர் அவர் மனைவி. சலூன்காரர் நல்ல மனிதர்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கத்தரி ஓடும்போது வாயும் ஓடும், கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. கடையில் சீப்பு, கத்தி, துண்டு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே எடுப்பார். வீட்டிலோ ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட மாட்டார். சட்டை எங்கே, சர்க்கரை எங்கே, தீப்பெட்டி எங்கே என்று மனைவியைத்தான் கேட்பார். மனைவி வேலைக்குப் போயிருந்தால் போன் பண்ணிக் கேட்பார்.

அவள் வேலை பார்த்தது ஆபத்தை ஊருக்கு அறிவிக்கும் அலுவலகத்தில். அந்த அறைக்குள் செல்போன் கூடாது, வாசலிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். உள்ளே மேஜைமேல் தடித்த பச்சை போன் ஒன்று உண்டு. அது அணைக்கான போன். அணையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தார், ஊர் அவரை அளவுக்காரர் என்று கூப்பிடும். அவர் அங்கே ரிசீவரை எடுத்தாலே போதும், இங்கே மணி அடிக்கும். அந்த லைன் கெட்டுப்போனால் உதவட்டும் என்று வெளியிலிருந்து அதே போனைக் கூப்பிட ஒரு நம்பரும் வைத்திருந்தார்கள். வீட்டில் உயிர் போகிற காரியம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள் என்று அந்த நம்பரை அவள் கணவரிடம் கொடுத்திருந்தாள். கொடுத்திருக்கக் கூடாது. அவருக்கு உயிர் போகிற காரியம் எது, தீப்பெட்டி காணாமல் போகிற காரியம் எது என்று என்றைக்குமே பிரித்துப் பார்க்கத் தெரிந்ததில்லை.

அந்த அறைக்கென்று ஒரு பழக்கம் உண்டு. மணி அடித்தால் எடுத்துப் பேசிவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரைத் தேடக் கூடாது. இடது கை போனை எடுக்கும்போதே வலது கை திரையில் எச்சரிக்கைச் செய்தியைத் திறந்து தயாராக வைக்க வேண்டும். அணை உடைந்தால் தாமதிக்கிற நொடிக்கு ஒரு தெரு போய்விடும் என்பார்கள். வாரந்தோறும் அணையிலிருந்து ஒத்திகை போன் வரும். அவள் செய்தியைத் திறப்பாள், "ஒத்திகைம்மா" என்பார் அளவுக்காரர், மூடிவிடுவாள். மூடும்போது திரை 'உறுதியா?' என்று கேட்கும், ஆமாம் என்று தட்டுவாள். செய்தியை அனுப்பினாலும் அதே இடத்தில் அதே பெட்டி வந்து அதே கேள்வியைத்தான் கேட்கும். அனுப்புகிற பொத்தானும் மூடுகிற பொத்தானும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி பக்கத்தில் பக்கத்தில். அதை அப்படி அமைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

அன்றைக்குச் சலூனுக்கு வார விடுமுறை. அவர் வீட்டில் காலைத் தூக்கி நாற்காலிமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் நகம் பிளந்து துணியில் மாட்டி இழுத்தது. கடையில் இரண்டு நகவெட்டி கிடக்கிறது, வீட்டில் இருப்பது அவள் வைத்த இடத்தில் இருக்கிறது. அந்த இடம்தான் அவருக்குத் தெரியாது. போனை எடுத்தார், நம்பரைத் தட்டினார்.

அங்கே பச்சை போன் அலறியது. ஒத்திகை நாள் இல்லை. அவள் வலது கை செய்தியைத் திறந்தது, இடது கை ரிசீவரை எடுத்தது. "ஏய், அந்த நகவெட்டிய எங்க வெச்ச?" என்றது குரல்.

யாருக்குத்தான் ரத்தம் தலைக்கேறாது? அலமாரியில் இருக்கிறது, கண் தெரியவில்லையா என்று கத்தித் தீர்த்து ரிசீவரை அறைந்தாள். கத்திக்கொண்டே வலது கையால் திரையை மூடினாள். மூடியதாக நினைத்தாள். 'உறுதியா?' என்று கேட்டது. எத்தனையோ ஒத்திகைகளில் பழகிய கை அது, ஆமாம் என்று தட்டிவிட்டது.

சலூன்காரர் நகவெட்டியைக் கையில் எடுக்கும்போது அவர் போனே வீறிட்டது. 'அணை உடைந்தது. உடனே மேட்டுக்குச் செல்லுங்கள்.' அவர் போட்டது போட்டபடி ஓடினார். தெருவே ஓடியது. ஊருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கும் குன்றின் படிகளில் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஏறினார்கள். ஒரு பெண்மணி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். மேலே போய் நின்று எல்லாரும் ஆற்றைப் பார்த்தார்கள். ஆறு தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது, கரையில் ஒரு நாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தவறுதலாக வந்த செய்தி என்று மறு செய்தி அனுப்ப மேலதிகாரியின் அனுமதி வேண்டும், அந்த மேலதிகாரியும் குன்றின்மேல்தான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

விசாரித்தபோது அவள் பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். மணி அடித்தது, எடுத்தேன், யாரும் பேசவில்லை, பதற்றத்தில் கை தவறிவிட்டது. வெளி ஆளுக்கு நம்பர் கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லி அழுதாள். அவர் அவளைத் தேற்றினார். தேற்றிவிட்டு முதல் காரியமாகத் தன் போனில் இருந்த அந்த அழைப்பை அழித்தார். அதோடு தொலைந்தது என்று நினைத்தார்.

மறுநாள் சலூனில் முடி வெட்ட வந்தவர்கள் கால்வாசி, பேச வந்தவர்கள் முக்கால்வாசி. 'தொழில்நுட்பக் கோளாறு' என்று அலுவலகம் அறிவித்திருந்தது. ஒருத்தரும் நம்பவில்லை. நம்பாததிலும் நியாயம் இருந்தது. போன வருஷம் பாலம் இடிந்தபோதும் தொழில்நுட்பக் கோளாறு, ஆஸ்பத்திரியில் கரண்ட் போனபோதும் தொழில்நுட்பக் கோளாறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகியவர்கள் சோறு மட்டும்தான் இருக்கிறது என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

கணக்கு வாத்தியார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பெஞ்சில் முதல் இடம் அவருக்குத்தான். இவ்வளவு பெரிய விளைவுக்கு அதற்கேற்ற பெரிய காரணம் இருந்தே தீர வேண்டும், இல்லையென்றால் கணக்கு உதைக்கிறது என்றார். தப்பாக ஒரு தடவை அமுக்கினால் ஊரையே ஓடவிடுகிற மாதிரியா ஒரு கருவியை வைத்திருப்பார்கள் என்று கேட்டார். அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அது சலூன்காரர் வாயிலிருந்து வரவில்லை.

வாத்தியாரையும் குறை சொல்லக் கூடாது. குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத் துண்டோடு ஓடி, தன்னிடம் படித்த பிள்ளைகளையே முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு ஏறியதை ஊர் பார்த்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயர்மேன், எதிர்வீட்டுக் கிழவர் கூப்பிடக் கூப்பிடக் காதில் வாங்காமல் பைக்கை முறுக்கியவர். அங்கிருந்த ஒவ்வொருவரிடமும் அப்படி ஒன்று இருந்தது. இத்தனை பேர் மானத்தை வாங்கிய காரியத்துக்குப் பின்னால் ஒரு சதியாவது இருந்தால்தானே மனசு ஆறும்.

உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று வயர்மேன் கேட்டார். வாயைத் திறக்கக் கூடாதென்று உத்தரவு என்றார் சலூன்காரர். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. யாரோ அவருக்கு டீ வாங்கி வந்தார்கள். அவர் ஒரு பக்கம் தலையாட்டினால் நிலக் கம்பெனி, மறு பக்கம் ஆட்டினால் அணையில் விரிசல். அந்த மனிதருக்கு அது பிடித்திருந்தது, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அப்போது வாத்தியார், எப்படியிருந்தாலும் அமுக்கியது அறைக்குள் இருந்தவர்தானே என்றார். எல்லாக் கண்ணும் சலூன்காரர் பக்கம் திரும்பியது. அவருக்குக் குப்பென்று வியர்த்தது. மனைவியைக் காப்பாற்ற வேண்டும், தன்னையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், கையில் அகப்பட்டதை எடுத்துப் போட்டார்.

"அணைப் பக்கத்துலேருந்து போன் வந்துச்சாம். எடுத்தா சத்தமே இல்லையாம்."

அவ்வளவுதான் சொன்னார். மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் அளவுக்காரர் குடிகாரர் ஆனார். அடுத்த நாள் நிலக் கம்பெனியின் ஆள் ஆனார். அணைக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய குவார்ட்டர்ஸ் ஜன்னலில் கல் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் அவர் மகளைச் சுற்றி நின்றுகொண்டு பிள்ளைகள் போன் மணி மாதிரிச் சத்தம் போட்டார்களாம். விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம், குவார்ட்டர்ஸையும் காலி செய்துவிடு என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இதையெல்லாம் சலூன்காரர் தன் கடையில் நின்றே கேட்டார், வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. அவளுக்கு அலுவலகத்திலேயே காதில் விழுந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். அவர் பதறிப் போனார். வேலை போய்விடும், ஊர் முகத்தில் காறித் துப்பும் என்றார்.

"அவர் மூஞ்சில துப்பினா பரவாயில்லையா?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. பண்ணாதவருக்கு என்ன பயம்?"

சொல்லும்போதே அந்த வார்த்தை அவர் நாக்கில் கசந்தது. மறுநாள் அவள் போய்ச் சொல்லவும் இல்லை. தடுக்க ஒரு ஆள் கிடைத்ததில் தனக்கும் உள்ளூர ஒரு நிம்மதி என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். அவரும் எது எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டார்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், பெஞ்சில் இடமில்லாமல் ஆள் இருக்கும்போது, அளவுக்காரரே சலூனுக்கு வந்தார். பேச்சு சட்டென்று நின்றது. அவர் யாரையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நாளைக்கு விசாரணை, முகத்தைக் கொஞ்சம் மழித்துவிடுங்கள் என்றார். ஒல்லியான மனிதர், தாடி வெளுத்திருந்தது. சலூன்காரர் நுரை போட்டார்.

ஒரு பக்கம் மழித்து முடித்ததும் அளவுக்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தணிந்த குரலில் பேசினார்.

"வீட்ல ஒண்ணு கேட்டுச் சொல்லுவீங்களா அண்ணே? அன்னைக்கு அடிச்ச மணி அணை மணிதானா, வெளி மணியா? வித்தியாசம் தெரியுமான்னு அவங்களைத்தான் கேக்கணும். நான் அப்ப அசந்துட்டேன். மாத்திரை போட்டா கண்ணு சொக்கும். போன் பக்கத்துலதான் தலைய வெச்சிருந்தேன். என் கை பட்டு ரிசீவர் எழும்பிடுச்சோ என்னவோ."

"நீங்க எடுக்கலைங்க," என்றார் சலூன்காரர்.

"எடுத்த ஞாபகம் இல்ல. ஆனா தூங்கறவனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? என் பொண்ணு கேக்குது, நீதானாப்பான்னு. இல்லன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது அண்ணே. நாளைக்கு ஒத்துக்கலாம்னு இருக்கேன்."

பண்ணாதவருக்கு என்ன பயம் என்று மனைவியிடம் கேட்டாரே சலூன்காரர், இதோ பண்ணாதவர் பண்ணினோமோ என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு அவர் கத்திக்குக் கீழே கழுத்தை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். கத்தியைக் கீழே வைத்தார். கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அந்தப் போன் பண்ணது நான். எங்க வீட்டுக்காரிக்கு. நகவெட்டி எங்க இருக்குன்னு கேக்கறதுக்கு."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கேலியான சிரிப்பு என்றால்கூடப் பரவாயில்லை, பிரியமான சிரிப்பு. வாத்தியார் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார்.

"நல்ல மனசுய்யா உனக்கு. ஆனா பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். சலூன்காரன் நகவெட்டிய தேடினானாம், ஊரு ஓடுச்சாம்."

சத்தியம் என்றார் சலூன்காரர். யார் தலையில் வேண்டுமானாலும் அடிக்கிறேன் என்றார். அப்படியானால் போனில் இருக்குமே, காட்டுங்கள் என்றார் வயர்மேன். அவர் ஆவேசமாகப் போனை எடுத்தார். எடுத்தபிறகுதான் ஞாபகம் வந்தது. அன்றைய காலையில் இருந்த அழைப்புகளில் அந்த ஒன்று மட்டும் இல்லை. தன் கையாலேயே துடைத்து வைத்திருந்தார், நன்றாகவே துடைத்திருந்தார். வயர்மேன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பதுபோல் கொடுத்தார். இதிலும் ஏதோ இருக்கிறது, பழியை ஏற்றுக்கொள்ளச் சொல்லி இவரை மேலிடத்தில் மிரட்டியிருக்கிறார்கள் என்று பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அது எல்லாருக்கும் பொருத்தமாகப் பட்டது. புதிதாக ஒரு காரணம் கிடைத்த சுறுசுறுப்பில் பேச்சு மறுபடி சூடு பிடித்தது.

அளவுக்காரராவது நம்பியிருக்கக் கூடாதா? அவரும் நம்பவில்லை. பாதி முகத்தில் நுரையோடு திரும்பி, சலூன்காரரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஊர்ல எனக்காக ஒரு பொய் சொல்றதுக்காவது ஒருத்தர் வந்தீங்களே அண்ணே. இது போதும் எனக்கு."

கண்ணில் தண்ணீர் நின்றது அந்த மனிதருக்கு. செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட சலூன்காரர் தாங்கியிருப்பார். மீதி முகத்தை எப்படி மழித்தார் என்று அவருக்கே தெரியாது. காசு வாங்கவில்லை, அதையும் ஊர் அவருடைய பெருந்தன்மைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. அளவுக்காரர் போனதும் எல்லாரையும் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்தார். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. தெருவில் எதிர்ப்பட்ட ஒருவர் அவருக்கு வணக்கம் வேறு வைத்தார்.

மனைவி அன்றைக்கு வீட்டில் இருந்தாள். மணி விஷயம், மகள் விஷயம், தான் சொன்னது, ஊர் சிரித்தது எல்லாவற்றையும் சொன்னார். அணைப் பக்கத்திலிருந்து போன் வந்தது என்று முதலில் ஊருக்குச் சொன்னதே தான்தான் என்பதையும் சொன்னார். அது அவளுக்குப் புதிது. அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அவர் நம்பினாரா?"

"இல்ல. கையப் புடிச்சு நன்றி சொன்னார்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, வாங்க என்றாள். வேலை போய்விடுமே என்று பழக்கதோஷத்தில் அவர் வாய் ஆரம்பித்தது. அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் பாதியிலேயே நின்றது.

குவார்ட்டர்ஸ் ஜன்னலில் கண்ணாடி போன இடத்தில் அட்டை ஒட்டியிருந்தார்கள். முன்னறையில் பாதி சாமான் மூட்டையாகக் கட்டிக் கிடந்தது. அளவுக்காரர் இவர்களைப் பார்த்ததும் பரபரத்துப் போய் மூட்டைக்கு நடுவிலிருந்து இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். தோளில் கிடந்த துண்டாலேயே தூசி தட்டினார். உட்காருங்கம்மா, உட்காருங்கண்ணே என்று உபசாரம். மழித்த கன்னத்தில் ஒரு இடத்தில் கத்தி பட்டுச் சிவந்திருந்தது. அவள் உட்காரவில்லை.

"நீங்க ரிசீவரைத் தொடலைங்க. போன்ல வந்தது இவர் குரல். கடையில இவர் சொன்னது அத்தனையும் நெஜம். நகவெட்டிதான். அலமாரில ரெண்டாவது தட்டு, கண்ணு தெரியலையான்னு நான் கத்தினேன். கத்திக்கிட்டே அமுக்கிட்டேன். யாரும் பேசலன்னு ஆபீஸ்ல நான் சொன்னதுதான் பொய். நாளைக்கு உங்களுக்கு முன்னாடி நான் போய் அதைச் சொல்லிடறேன்."

அளவுக்காரர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். இந்தத் தடவை நம்பினார். நம்புவது அவர் முகத்தில் மெதுவாக ஏறுவதை சலூன்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். அடிப்பார் என்று எதிர்பார்த்தார். கன்னத்தைக்கூடக் கொஞ்சம் தயாராக வைத்துக்கொண்டார், அடித்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டார்.

அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. துண்டை அங்கேயே போட்டுவிட்டு விடுவிடுவென்று உள்ளே போனார். உள்ளே அவர் மனைவியிடம் பேசுவது கேட்டது.

"நான் இல்லையாம். இந்தா, இங்க பாரு, நான் இல்லையாம்."

பிறகு ஒரு சிறு பெண்ணின் குரல் நிஜமாகவா என்று கேட்டது.

"நெஜம்மா. அப்பா தூங்கினேன், அவ்வளவுதான். கை படல. நான் பண்ணலம்மா."

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. வந்தவர்களைப் போ என்று சொல்லவும் யாரும் வெளியே வரவில்லை, இரு என்று சொல்லவும் வரவில்லை. தூசி தட்டிப் போட்ட அந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். உள்ளே அவர் திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.